உன் அப்பாவின் ஹெல்மெட்டை நான் ஏன் அனுப்பவில்லை

நைனா, உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி வந்து கதவைத் திறந்தால், தபால்காரர் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போன உறை காலில் பட்டது. கையில் மருந்து நாற்றத்தோடு அப்படியே நின்று படித்தேன். கை கழுவிவிட்டு வந்து ஒருமுறை, சோறு வடித்துவிட்டு ஒருமுறை. நீ நன்றாக இருக்கிறாய், பம்பு செட் கம்பெனியில் உனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் பல்லடம், பொள்ளாச்சி என்று ஊர் ஊராகப் போய்க் கிணற்று இஞ்சின்களைப் பார்க்கவேண்டும், அதனால் அப்பாவின் ஹெல்மெட்டைப் பழைய துணியில் சுற்றிப் பார்சல் போடு என்று எழுதியிருக்கிறாய். போடமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடிக்கொண்டிருக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாமல் படி. உன் அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் மறைக்காதே. அவர்களிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். வெட்கப்படவேண்டியவள் நான் ஒருத்திதான்.

நீ கோயம்புத்தூர் போன பிறகு இந்த வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி பொங்கினாலும் மறுநாளைக்கு மிஞ்சுகிறது. கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன்காரி, “இன்னா அண்ணி, ஒத்த மீனுக்கா இம்மாந்தூரம் நடந்து வந்தே?” என்று கேலி செய்கிறாள். சிரித்துவிட்டு வருகிறேன். வந்தால் அந்தக் கேலியைச் சொல்லிச் சிரிக்க ஆள் கிடையாது. பிள்ளை நல்ல வேலைக்குப் போனால் தாய் தனியாக இருக்கத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உன் அப்பாவின் ஹெல்மெட் நீ பார்த்த அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்படி மாட்டியிருக்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலை மடிக்கிறது போலத் தெரியும். “இன்னாயா, பசிக்குதா?” என்று நான் அதனிடம் கேட்டதுகூட உண்டு. பைத்தியம் என்று நினைக்காதே. ஒருநாள் முழுக்க வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து பார், உனக்குப் புரியும்.

ஆனால் பிரிய மனமில்லாமல்தான் அனுப்பவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. உன் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரி ஒன்று இருக்கிறது. “அதில் ஒரு கீறல்கூட இல்லை, புதுசு மாதிரிதான் இருக்கிறது. அப்பா மாதிரி நான் ஷோக்குக்கு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போகமாட்டேன், தலையில் போட்டுக்கொள்வேன், நீ பயப்படாதே” என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறாய், பாவம். நைனா, அது பொய். உன் அப்பா ஒருநாளும் ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனதில்லை. அந்தப் பொய்யை நான் கட்டிவிடவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அது என் காதுபடப் பேசப்பட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். சொன்னால் நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, தெரியாது. சொல்லாமல் விட்டால், எந்தத் தப்பில் உன் அப்பா போனாரோ அதே தப்பை நீயும் செய்வாய். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யுத்தம் முடிந்த பிறகு அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு கம்பெனியில், மிலிட்டரிக்காரர்கள் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். துறைமுகத்து ஆபீசிலிருந்து எண்ணூர் பக்கம் இருந்த கிடங்குவரை கப்பல் காகிதங்களைக் கொண்டுபோவது உன் அப்பாவின் வேலை. அதுவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வந்ததும் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. நம் சந்துக்குள் அது திரும்பும்போது வருகிற சத்தத்தில் எதிர் வீட்டுக் கோழிகள் கூரை ஏறிவிடும். நீ ஓடிப்போய் டாங்கின் மேல் உட்கார்ந்துகொள்வாய். எனக்கு மட்டும் பயமாக இருக்கும். தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டால்தான் வண்டியைத் தொடவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அதனால் இரண்டு பேரும் காதர் பாய் கடைக்குப் போனோம்.

காதர் பாயை உனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் மிலிட்டரி டிஸ்போசல் சாமான் விற்கிறாரே, உன் அப்பாவின் தோஸ்து. அந்தக் கடையில் தண்ணீர்க் குப்பி, கான்வாஸ் பை, பூட்ஸ் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இரும்புத் தொப்பிகளை வேர்க்கடலை வறுக்கிறவர்கள் வாங்கிப்போவார்கள். ஓரமாக ஒரு சாக்கில், மோட்டார் சைக்கிள் சிப்பாய்கள் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட்டுகள் இருந்தன. வெளியே கெட்டியாக, உள்ளே தோல் பட்டையும் நாடாவும் வைத்து, உச்சியில் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும், அதை இழுத்தால் உள்ளளவு குறையும். நான் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து நீட்டினேன். நமக்குக் கை அப்படித்தான் போகும். உனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாலும் “வளர்ற புள்ள, ரெண்டு விரக்கடை கூட வையி” என்று சொல்லியே பழகினவள். முப்பத்தைந்து வயது மனிதரின் தலை இனி எங்கே வளரப் போகிறது? அந்த யோசனை எனக்கு வரவில்லை. பெரியதாக வாங்கினால் நஷ்டமில்லை என்பதுதான் என் கணக்கு.

பாய் அதைப் பிடுங்கிச் சாக்கிலேயே போட்டார். “தங்கச்சி, இது இன்னா குழம்பு வைக்கிற சட்டியா, பெர்சா பாத்து எடுக்கிறியே? அவரு தலைய இங்க காட்டச் சொல்லு” என்றார். உன் அப்பாவை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். “தொப்பி மட்டும் ஆட்னா பெர்சுன்னு அர்த்தம். நெத்தித் தோலும் கூடவே வந்துச்சின்னாதான் சரி” என்றார். பிறகு பின்னால் போய் நின்று, பிடரிப் பக்கம் கையை வைத்து மேலே தூக்கித் தள்ளினார். இரண்டாவது ஹெல்மெட் அப்படியே முன்னால் கவிழ்ந்து மடியில் விழுந்தது. “பாத்துக்கினியா? நீ வுழுறதுக்கு முந்தி இது எறங்கி நடந்துகினே பூடும்.” உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மூட்டையே குலுங்கியது. எனக்கு இன்றைக்கும் பாய் சொன்ன வார்த்தை ஒன்று மாறாமல் நினைவிருக்கிறது.

மூன்றாவது நெற்றியில் மட்டும் பிடித்தது, பக்கத்தில் விரல் நுழைந்தது. நான்காவது எல்லாப் பக்கமும் இறுக்கம். “இதுவே இருக்கட்டும் பாய், போட போட லூசாகும்” என்றார் இவர், நேரமாகிறதென்று. பாய் விடவில்லை. “போட்டுக்கினு ஒரு டீ குடி. டீ முடியறதுக்குள்ள தலைய வலிச்சா, நாளைக்கி எண்ணூர் ரோட்ல அத்தக் கழட்டி மாட்டிக்கினு போவே. மாட்டிக்கினு போற தொப்பி எதுக்கு?” டீ வந்தது. பாதி டீயில் நெற்றியில் ஒரு இடம் சிவந்துவிட்டது. அதையும் கழற்றியாகிவிட்டது. ஐந்தாவதுதான் சரியாக அமைந்தது. உச்சிக் கயிற்றைப் பாய் அவிழ்த்து மறுபடி கட்டி, கன்னத்துப் பக்கம் வாரை இழுத்து மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். “ரெண்டு விரலு போவணும், மூணாவது போவக்கூடாது.” நான் சும்மா இருக்கமுடியாமல், நான் முதலில் எடுத்ததிலேயே கொஞ்சம் துணி வைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்டேன். பாய் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “துணி வச்ச தொப்பி துணியோட பூடும், தங்கச்சி.” இதுதான் நான் மறக்காத வார்த்தை. என் இரண்டு காதாலும் கேட்டது.

இவ்வளவும் உனக்குத்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பெரிய கடையாக இருந்தாலும் பழைய சாமான் கடையாக இருந்தாலும் இப்படித்தான் பார்த்து வாங்கு. உள்ளே ஒட்டியிருக்கும் அளவு நம்பரை நம்பாதே. கடைக்காரர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடு. உன் தலை உன் அப்பாவின் தலை மாதிரி உருண்டை கிடையாது. பின்பக்கம் நீண்டு, வலது காதுக்கு மேல் லேசாகச் சப்பையாக இருக்கும். பதினெட்டு வருஷம் எண்ணெய் தேய்த்த கை இது, எனக்குத் தெரியாதா? அவருக்குப் பொருந்தினது உனக்குப் பொருந்தாது. இரண்டாவது, அது பழசு. வெளியே கீறலில்லை என்று நீ பார்த்தாய். உள்ளே தோல் விறைத்துவிட்டது, நாடா இற்றுப்போயிருக்கிறது. போட்டால் பார்க்க ஜோராக இருக்கும், விழுந்தால் உதவாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வாங்கப் போகாதே, வழுக்கும். தினமும் எப்படிச் சீவுகிறாயோ அதே முடியோடு போ. அதே முடியோடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதை இனிமேல்தான் சொல்லவேண்டும். பேனாவை வைத்துவிட்டு அடுப்பை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

உன் அப்பாவின் முடி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சுருட்டை. சீப்பு போனால் திரும்பி வராது. அந்த முடியோடு அளவெடுத்துதான் பாய் அந்தக் கயிற்றைக் கட்டினார். ஹெல்மெட் வந்த பிறகும் எனக்குப் பயம் விடவில்லை. சாயங்காலமானால் சந்து முனையில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பயம் தாளாமல் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷம் இந்த மனிதர் உடம்பில் ஒரு கீறல் படாமல் வண்டி ஓட்டினால், அவர் முடியை உன் மலையில் இறக்குகிறேன் என்று. அவரிடம் கேட்காமல் வேண்டிக்கொண்டேன். கேட்டபோது எகிறினார். “வண்டி ஓட்றது நானு, பயப்படுறது நீ, நடுவுல என் மயிரு இன்னாமே பண்ணுச்சி? உன் சடைய வேண்டிக்கிறது தான?” என்றார். ஒரு வருஷம் முடிந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று டபாய்த்தார். நான் இரண்டு நாள் பேசாமலிருந்தேன். அவரால் அதைத் தாங்கமுடியாது. “சரி தொலை, போலாம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மறந்திருக்கமாட்டாய். அரக்கோணத்தில் வண்டி மாறினோம், படி ஏறினோம், உனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் மொட்டை. இரண்டு மொட்டைக்கும் நான் என் கையால் சந்தனம் குழைத்துப் பூசினேன். திரும்பி வரும்போது ரயிலில் நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் தட்டி, எது தேங்காய் எது பூசணி என்று சண்டை போட்டீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒருநாள் இருந்ததில்லை. வேண்டுதல் தீர்ந்தது, இனி இவருக்கு ஒன்றும் வராது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மறுநாள் திங்கட்கிழமை. ஹெல்மெட்டைத் தலையில் வைத்ததும் மூக்குவரை இறங்கிவிட்டது. “இன்னாமே இது, அண்டாவுக்குள்ள தலைய வுட்டா மாரி கீது” என்று சிரித்தார். தலையை ஆட்டிக் காட்டினார், அது தனியாக ஆடியது, வாரும் தாடையில் பிடிக்காமல் தொங்கியது. “பாய் கடை ஒம்பது மணிக்கித் தொறக்கும். கயித்த அவரு கையாலேயே இழுத்துக் கட்டிக்கினு அப்பால போறேன்” என்றார். நைனா, அந்த மனிதர் சரியாகச் சொன்னார். நான்தான் விடவில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறது. ஒன்பது மணிக்குப் பாய் கடைக்குப் போகவேண்டுமானால் ராகு காலத்தில்தான் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். அது முடிந்து கிளம்பினால் ஆபீசுக்கு நேரமாகிவிடும். மலையில் முடி இறக்கிவிட்டு வந்து மறுநாளே ராகு காலத்தில் வண்டி எடுப்பதா? “ஏழரைக்குள்ள கெளம்புயா, ஒரு மாசத்துல முடி வளந்தா தன்னால சரியாப் பூடும்” என்று சொல்லி, என் பழைய புடவையைக் கிழித்து நாலாக மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்தேன். போட்டுப் பார்த்தார். “மெத்த போட்டா மாரி ஷோக்கா கீது” என்றார். என் மனம் குளிரவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. ஏழேகாலுக்குக் கிளம்பிவிட்டார். சந்து முனை திரும்புகிறவரை ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, கூப்பிடவில்லை.

எர்ணாவூர் தாண்டி மணல் அடித்துக் கிடந்த இடத்தில், குறுக்கே வந்த மாட்டு வண்டிக்காக பிரேக் போட்டிருக்கிறார். வண்டி சறுக்கியது. வேகம்கூட அதிகமில்லை என்று மாட்டு வண்டிக்காரர் சொன்னார். ஹெல்மெட் முதலில் கழன்று மணலில் உருண்டிருக்கவேண்டும், அவர் தலை கல்லில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. நான் வைத்த துணி அதற்குள் இல்லை, எங்கே காற்றில் போயிற்றோ. கூடியிருந்தவர்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இத்தத் தலையில போட்டிருந்தா இப்டி புத்சா இருக்குமா? ஹேண்டில்ல மாட்டிக்கினு போயிருப்பாரு. ஷோக்குப் பேர்வழி” என்று யாரோ சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் அது சந்து முழுக்க உண்மையாகிவிட்டது. நீ என் பக்கத்தில்தான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தாய், நீயும் கேட்டாய். “இல்லைங்க, போட்டுக்கினுதான் போனாரு” என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் பிறகு ஏன் கழன்றது என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து அழுகையோடு அழுகையாக விட்டுவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு காதர் பாய் வந்தார். ஹெல்மெட்டை எடுத்து உள்ளே பார்த்தார். தோல் பட்டையில் நெற்றி படுகிற இடத்திலிருந்து பிடரிவரை சந்தனம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். “தங்கச்சி, போட்டுக்கினு போனாரா?” என்று கேட்டார். “தெர்யாது பாய், நான் உள்ள இருந்தேன்” என்றேன். அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார், ஞாயிற்றுக்கிழமை பூசின சந்தனம், திங்கட்கிழமை அதைப் போடாமல் எப்படி உள்ளே ஒட்டும்? உன் அப்பா போட்டுக்கொண்டுதான் போனார் என்பதற்கு அந்த ஒரு சாட்சிதான் இருக்கிறது. அது என் வீட்டு ஆணியில் பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிறது.

உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒருநாள், பள்ளிக்கூடத்தில் யாரோ அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள் என்று வந்தாய். “ஹெல்மெட்டு வாங்கியும் போடாம செத்துப் போனவரு, அவரப் பத்தி இன்னா சொல்றது?” என்று எரிச்சலாகச் சொன்னாய். நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் நறுக்கினேன். அன்றைக்கு உன் அப்பாவை இரண்டாவது தடவை சாகவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். அவர் மேல் உனக்கு இருந்த கோபத்தை எடுத்து என் மேல் வை. அவர் கவனமான மனிதர். தினம் காலையில் பாய் சொன்னபடியே தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துத்தான் கிளம்புவார். அந்த ஒரு நாள் என் பேச்சைக் கேட்டார்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த மறுநாள், தேங்காய் நாரும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு ஹெல்மெட்டோடு குழாயடியில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சந்தனத்தைத் தேய்த்துவிட்டு அனுப்பினால் உனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நீயும் சந்தோஷப்படுவாய், நானும் நல்ல தாயாகவே இருந்துவிடலாம். தண்ணீர் பட்டதும் வாசனை கிளம்பியது, நைனா. பன்னிரண்டு வருஷத்துச் சந்தனம். என்னால் தேய்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?” என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. உன் கடிதத்தை முதல் தடவை படித்து மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தை கண்ணில் பட்டவுடனே, என் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது. “முருகா, என் புள்ளைக்கி ஒண்ணும் ஆவாம பாத்துக்க, ஒரு வருஷத்துல முடி இறக்கிடுறேன்” என்று வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே மலை, அதே வேண்டுதல். ஒருத்தரை அனுப்பினது போதாதென்று உன் தலையையும் நீட்டிவிட்டேனே. சாமிக்குச் சொன்னதைத் திருப்பி வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு நன்றாக யோசித்துப் பார்த்தேன். முடி இறக்கிடுறேன் என்றுதான் சொன்னேன். யார் முடி என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலேறிப் போய் என் முடியை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். கொட்டகையில் இருந்த நாவிதர், “யாருக்கும்மா? கொழந்தை எங்க?” என்று என் பின்னால் தேடினார். எனக்குத்தான் என்றேன். ஒரு வருஷம் கழித்துச் செய்யவேண்டியதை முன்னாலேயே செய்தால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான். உன் அப்பா அன்றைக்கே, “உன் சடைய வேண்டிக்கிறது தான?” என்று கேட்டாரே, அவர் பேச்சை இப்போதாவது கேட்டேன். ஆகவே வேண்டுதல் தீர்ந்தது. உன் தலைக்கும் திருத்தணிக்கும் இனிமேல் ஒரு பாக்கியும் இல்லை. யார் என்ன சொன்னாலும், நானே கிறுக்குப் பிடித்து மறுபடி சொன்னாலும், நீ மொட்டை போடாதே. எப்போதும்போல முடி வெட்டிக்கொள். கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டால் அன்றைக்கே உச்சிக் கயிற்றை இழுத்துக் கட்டு. ராகு காலமாக இருந்தாலும் கட்டிவிட்டுப் போ.

நேற்று சாயங்காலம் முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி வைத்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெர்யும் தங்கச்சி, அன்னிக்கே தெர்யும். துணி நூலு நாடாவுல மாட்டிக்கினு இருந்துச்சி” என்றார். ஏன் பாய் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன். “நீயே சொல்லுவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். எம்மாம் நாளு!” என்றார்.  என் பிள்ளைக்கு ஒரு நல்ல ஹெல்மெட் பார்த்துக் கொடுங்கள், நானே பார்சல் போடுகிறேன் என்று கேட்டேன். அவர் வைதுவிட்டார். “தலை கோயம்புத்தூர்ல கீது, தொப்பிய இங்க வாங்கி இன்னா பண்ணுவே? மறுபடியும் ஆரம்பிக்காதே. அவனயே போயி வாங்கச் சொல்லு.” அதனால்தான் உனக்குப் பார்சல் எதுவும் வராது, இந்தக் கடிதம் மட்டும் வரும்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அதை நான் தலையில் வைத்துப் பார்த்ததே கிடையாது. நேற்று வைத்தேன். மொட்டைத் தலை, பூசின சந்தனம்கூட இன்னும் போகவில்லை. மூக்குவரை இறங்கியது. தலையை ஆட்டினேன். அது தனியாக ஆடியது. அன்றைக்கு அவருக்கு எப்படி ஆடியிருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை, கேட்கவும் ஆளில்லை, வெகுநேரம் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு நீ வந்தால், கதவைத் திறக்கும்போது என்னைப் பார்த்துப் பயந்துவிடாதே, அதற்குள் கொஞ்சம் வளர்ந்திருக்கும். வர மனமில்லையென்றால் வரவேண்டாம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கே கடைக்குப் போ. போட்டுப் பார், ஆட்டிப் பார், பின்னால் நின்று ஒருவரைத் தள்ளச் சொல், ஒரு டீ குடி. பிறகு எனக்கு ஒரு கார்டு போடு. கோபமாக இருந்தால் அன்புள்ள அம்மா என்றுகூட எழுதவேண்டாம். ‘ஆடவில்லை’ என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிப் போடு. தினமும் கதவைத் திறந்ததும் கீழே குனிந்து பார்ப்பேன்.